பற்காரைக்கு கேக் பொடி தேய்க்காதீர்கள்

பல் மருத்துவர் சீட்டில் ‘டார்ட்டர்’ என்று எழுதியிருந்தால் அது பற்காரை. பல்லில் படியும் கிருமிப் படலத்தில் உமிழ்நீரின் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்து கெட்டியானது. கீழ் முன்பற்களின் உள்பக்கத்தில்தான் அதிகம் பிடிக்கும், உமிழ்நீர் அங்கேதான் சுரந்து விழுகிறது.

வேலூர் கடைகளில் கேக் சாமான்களோடு விற்கும் ‘கிரீம் ஆஃப் டார்ட்டர்’ முற்றிலும் வேறு. அது பொட்டாசியம் பைடார்ட்ரேட், திராட்சை ஒயின் தயாரிப்பில் படியும் டார்டாரிக் அமில உப்பு. பெயர் ஒன்றாக இருக்கிறதே என்று இதைப் பல்லில் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். காரை போகாது, பல்லின் கெட்டியான மேலுறையான எனாமல்தான் கரையும். வாயில் பிஎச் அளவு (இது குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே இறங்கினாலே எனாமல் கரையத் தொடங்கிவிடும்.

புளியில் இருப்பதும் டார்டாரிக் அமிலம்தான். அதற்காக ஆம்பூர் பிரியாணியோடு வரும் புளிப்புக் கத்தரிக்காயை ஒதுக்க வேண்டியதில்லை! சாப்பிட்டதும் வெறும் தண்ணீரில் நன்றாகக் கொப்பளியுங்கள். பிரஷ் மட்டும் அரைமணி நேரம் கழித்து.

சரி, பிடித்த காரை எப்படிப் போகும்? எந்தப் பேஸ்டாலும் போகாது. பல் மருத்துவரிடம் ‘ஸ்கேலிங்’, அதாவது கருவியால் காரையை அகற்றும் சுத்தம், செய்துகொள்ள வேண்டும். அதனால் பல் ஆடிவிடும் என்ற பயம் தேவையில்லை.