டீசல் ஊறிய மண்ணை நுண்ணுயிர்களால் தூய்மையாக்கும் முறை

தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் லாரிப் பட்டறைகளிலும் படகு இன்ஜின் பிரிக்கும் இடங்களிலும் டீசல் சிந்திக் கறுத்த மண்ணைச் சுரண்டிப் பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் கொட்டுவதற்குப் பதிலாக, முற்றத்திலேயே அதைத் தூய்மைப்படுத்த முடியும். 2017 ஜனவரியில் எண்ணூர் அருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தபோது, கரையில் அள்ளிய கசடைச் சிதைக்கவும் நுண்ணுயிர்களையே நம்பினார்கள்.

டீசலைத் தின்னும் பாக்டீரியா பெரும்பாலும் அந்த மண்ணிலேயே இருக்கும். ஆகவே, பொட்டலத்தில் விற்கும் நுண்ணுயிர்ப் பொடிக்குப் பணம் செலவழிப்பது, என் கணிப்பில், பெரும்பாலும் வீண். மண்ணிலுள்ள பாக்டீரியாவுக்குக் குறைவாக இருப்பவை காற்று, ஈரம், தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்) ஆகியவையே.

முதலில், கிழிசல் இல்லாத தார்ப்பாயை விரித்து, ஓரங்களைச் செங்கல் வைத்து உயர்த்தி, மண்ணை 30 செ.மீ. உயரத்துக்கு மிகாமல் பரப்ப வேண்டும். களிமண்ணாக இருந்தால் தென்னை நார்க்கழிவைக் கலந்து இளக்க வேண்டும்.

உரத்தின் அளவுதான் பலரும் தவறும் இடம். கரி (கார்பன்) 100 பங்குக்குத் தழைச்சத்து 10, மணிச்சத்து 1 என்பது பொது விகிதம். ஒரு டன் மண்ணில் 10 கிலோ டீசல் இருந்தால், அதிலுள்ள கரி ஏறத்தாழ 8.5 கிலோ; அதற்கு 1.8 கிலோ யூரியாவும் 1.2 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் போதும். இதை மூன்று தவணையாகப் போட வேண்டும். ஒரே முறையில் கொட்டினால் அமோனியா பெருகி நுண்ணுயிர்களையே வாட்டும்.

ஒரு கைப்பிடி மண்ணைப் பிழிந்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. அதுவே சரியான ஈரம். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால், மெட்ரோ வாட்டரை ஓர் இரவு வாளியில் வைத்திருந்து தெளிக்கலாம். வாரம் ஒரு முறை, கையுறை அணிந்து, மண்வெட்டியால் புரட்ட வேண்டும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை என்று பொருள், உடனே புரட்ட வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேலேயும் தார்ப்பாய் மூடாவிட்டால், எண்ணெய் நீர் மழைநீர் வடிகாலில் இறங்கிவிடும்.

டீசலுக்கு மாதக்கணக்கில் பொறுத்திருக்க வேண்டும். பழைய இன்ஜின் ஆயிலுக்கு இன்னும் நாளாகும், அதிலுள்ள உலோகங்களை எந்த நுண்ணுயிராலும் அழிக்க முடியாது. வாடை போன பின், இந்த மண்ணிலும் நல்ல மண்ணிலும் வெந்தயம் விதைத்து முளைப்பை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஆய்வகத்தில் எண்ணெய் அளவைச் சோதித்த பிறகே மண்ணை மீண்டும் நிரப்ப வேண்டும்.