லங் ஸ்லைடுல பிராங்கஸ், பிராங்கியோல் கண்டுபிடிக்கிறது எப்படி

காரைக்குடி, தேவகோட்டை பக்கமிருந்து சிவகங்கை மெடிக்கல் காலேஜுக்கு போயி ஃபர்ஸ்ட் இயர் படிக்கிற தம்பி தங்கச்சிங்களுக்காக எழுதுறேன். ஸ்பாட்டர்ல (ஸ்லைடப் பாத்து என்னன்னு சொல்ற பரீட்சை) லங் வந்தா எடுத்தவுடனே மைக்ராஸ்கோப்ல ஹை பவர் போடாதீங்க.

மொதல்ல லோ பவர்ல ஸ்லைடு முழுக்க ஒரு ரவுண்டு ஓட்டுங்க, மெல்லிசு மெல்லிசா சுவரோட தெரியிறது பூரா அல்வியோலை (குட்டிக் குட்டி காத்துப் பை), அத விட்ருங்க, நடுவுல தடிச்ச சுவரோட ஒரு ஓட்டை வருதுல்ல அங்க நிறுத்துங்க. சுவர்ல நீலம் பாஞ்ச கார்டிலேஜ் (குருத்தெலும்பு) துண்டு துண்டா கெடந்தா அது பிராங்கஸ் (பெரிய மூச்சுக்குழாய்). கூடவே சளி சுரக்குற கிளாண்டும் இருக்கும்.

ரெண்டுமே இல்லன்னா பிராங்கியோல் (அதோட சின்னக் கிளை), பொதுவா 1 மில்லிமீட்டருக்கும் கம்மியான அகலம். இங்கதான் நெறய பேரு மாட்டுறாங்க, ஏன்னா பல்மனரி ஆர்ட்டரி (நுரையீரலுக்கு வர்ற ரத்தக் குழாய்) கிளையும் பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு ஓடும், சைஸும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இப்ப ஹை பவருக்கு போங்க. உள் ஓரம் மடிப்பு மடிப்பா இருந்து அதுல உசரமான செல் வரிசையா நின்னா பிராங்கியோல், ஃபோகஸ லேசா திருப்புனா சிலியா (செல் மேல முடி மாதிரி நிக்கிறது) கூட தெரியும். ஆர்ட்டரில உள் ஓரத்துல தட்டையான செல் மட்டும்தான். ரத்தம் இருக்குன்னு மட்டும் வச்சு ஆர்ட்டரின்னு எழுதிறாதீங்க, வெட்டும்போது ஏர்வேக்குள்ளயும் ரத்தம் போயிருக்கலாம். அந்த மடிப்பு ஸ்மூத் மசில் சுருங்கறதால வர்றது, ஆஸ்துமால இதே மசில்தான் இறுக்குது, விறைப்பா பிடிச்சு நிக்க கார்டிலேஜும் இல்லாததால வழி குறுகிருது.

டெர்மினல் பிராங்கியோல் (காத்த கடத்த மட்டும் இருக்குற கடைசிக் கிளை) வர்றப்ப செல் குட்டையாயிரும், சளி சுரக்குற கோப்லெட் செல் இருக்காது, மண்டை உப்புன கிளப் செல் இருக்கும் (பழைய புக்ல கிளாரா செல்). கோப்லெட் செல் நின்ன பிறகும் சிலியா இன்னும் கொஞ்ச தூரம் உள்ள போகுது பாருங்க, சளி கீழ எறங்கி அல்வியோலைய அடைச்சிராம மேல தள்ளத்தான் இந்த ஏற்பாடு, எத்தன தடவ பாத்தாலும் எனக்கு அலுக்கல.

சுவர்ல அங்கங்க அல்வியோலை திறந்துச்சுன்னா ரெஸ்பிரேட்டரி பிராங்கியோல். அதுக்கும் உள்ள அல்வியோலார் டக்ட், நம்ம கானாடுகாத்தான் செட்டிநாட்டு வீட்டு வளவு (நடு முற்றம்) மாதிரி, சுத்தி அறை அறையா வாசல், நடுநடுவுல தூண், அந்த தூண் இருக்குற எடத்துலதான் ஸ்மூத் மசில் குட்டி குட்டி முடிச்சா தெரியும்.

ரெக்கார்டுல பிராங்கியோல் வரையிறப்ப பக்கத்து ஆர்ட்டரியையும் சேத்து வரைஞ்சு, ரெண்டோட உள் ஓரத்தையும் வித்தியாசம் தெரியிற மாதிரி காட்டிருங்க.