பழைய படகுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட் வாங்கும்போது

கழற்றிய பழைய போல்ட்டைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள். புதியதோடு மரைக்கு மரை ஒட்டிப் பிடித்து வெளிச்சத்துக்கு நேரே பாருங்கள். நடுவில் வெளிச்சம் கசியாமல் இரண்டும் முழு நீளத்துக்கும் கோர்த்து நின்றால் மரை அளவு சரி.

பிரிட்டன், அமெரிக்காவில் கட்டிய பழைய படகுகளில் பெரும்பாலும் அங்குலக் கணக்குதான். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ.; மெட்ரிக் அளவான எம்8 என்பது 8 மி.மீ. வெறும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆனால் சாதாரண 5/16-இல் அங்குலத்துக்கு 18 மரை, அதாவது மரைக்கு மரை சுமார் 1.41 மி.மீ.; எம்8-இல் 1.25. மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று போய் இறுகிவிடும். ஸ்டெயின்லெஸ் அப்படி ஒருமுறை கடித்துக்கொண்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும், தயவுசெய்து முறுக்கிப் பார்க்காதீர்கள்.

அப்புறம், தலையில் ஏ4 முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது 316 ரகம்; அதிலுள்ள மாலிப்டினம் உப்புநீரை ஏ2 என்ற சாதாரண ஸ்டெயின்லெஸைவிட நன்றாகத் தாங்கும். காந்தம் வைத்து இந்த இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பழைய போல்ட் நீண்டோ அரித்தோ போயிருந்தால் இந்த ஒப்பீடு ஏமாற்றும். அதன் நட்டை எடுத்துப் போங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே மரப்பலகைக்குள் போகும் இடங்களுக்கு ஸ்டெயின்லெஸ் போல்ட்டே வேண்டாம்: காற்றுப் படாத ஈரத்தில் ஸ்டெயின்லெஸ் உள்ளுக்குள்ளேயே அரிக்கும். அங்கே வெண்கலம் இருந்தால் வெண்கலமே போடுங்கள்.