நெயில் கன் வாங்கப் போகிறீர்களா? ஆணியிலிருந்து தொடங்குங்கள்

சுத்தியல் இல்லாமல், காற்றழுத்தத்தாலோ பேட்டரியாலோ ஆணியை மரத்தில் அடிக்கும் கருவிதான் நெயில் கன்; நெயிலர் என்றும் சொல்வார்கள். முதல் நெயில் கன் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கருவியைத்தான் முதலில் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் செய்தேன். பெரியதாக வாங்கிவிட்டால் எல்லா வேலைக்கும் ஆகும் என்று நினைத்து, கனமான சட்டங்களை இணைக்கும் ஃப்ரேமிங் நெயிலரை வாங்கினேன். அதை வைத்து ஜன்னல் ஓரத்துக்கு பீடிங் (ஓரத்தில் வைக்கும் மெல்லிய மரப்பட்டை) அடித்தபோது மூன்றாவது ஆணியிலேயே பீடிங் நீளவாக்கில் பிளந்துவிட்டது. கருவியில் குறை இல்லை. அந்த மரத்துக்கு அந்த ஆணி ஆகாது, அவ்வளவுதான். அதனால் இங்கே வரிசையை மாற்றிச் சொல்கிறேன்: முதலில் வேலை, பிறகு ஆணி, அதற்கப்புறம்தான் கருவி.

படி 1: வேலைகளை எழுதுங்கள்

அடுத்த ஓராண்டில் வீட்டில் செய்யப் போகும் மரவேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மேலே வரும் பலகையின் தடிமன், அடியில் வரும் மரத்தின் தடிமன் இரண்டையும் அளந்து குறியுங்கள். பீடிங்கா, அலமாரியின் பின்பலகையா, கதவு நிலையைச் சுற்றி வரும் பட்டையா, கூரைச் சட்டமா என்று எழுதியிருந்தால் போதும்.

படி 2: ஆணியை முடிவு செய்யுங்கள்

நீளத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. மேல் பலகையின் தடிமனைப் போல மூன்று மடங்கு நீளமுள்ள ஆணி வேண்டும். 12 மி.மீ. பலகை என்றால் 36 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஒன்றரை இன்ச். இந்த ஆணியில் மூன்றில் ஒரு பங்கு மேல் பலகையிலும், மீதி அடிமரத்திலும் இருக்கும். பிடிமானம் தருவது அடிமரத்தில் இறங்கிய பகுதிதான். ஆனால் இரண்டு மரங்களின் தடிமனையும் கூட்டிப் பாருங்கள். ஆணி அதைவிட நீளமாக இருந்தால் முனை மறுபக்கம் வந்துவிடும். அப்போது கணக்கை விட்டுவிட்டு ஆணியின் நீளத்தைக் குறைத்து, பசையைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது தடிமன். இதைக் கேஜ் எண்ணால் சொல்வார்கள். புதிதாக வருபவர்கள் தடுமாறுவது இங்கேதான், ஏனென்றால் எண் கூடக் கூட ஆணி மெலியும். 15 கேஜ் சுமார் 1.8 மி.மீ., 16 கேஜ் 1.6, 18 கேஜ் 1.2, 23 கேஜ் வெறும் 0.6 மி.மீ. தடித்த ஆணி நன்றாகப் பிடிக்கும். ஆனால் மெல்லிய மரத்தைப் பிளக்கும், பெரிய ஓட்டையும் விடும். மெல்லிய ஆணி கண்ணுக்குத் தெரியாது, மரத்தையும் பிளக்காது. ஆனால் பாரம் தாங்காது. இரண்டு குணமும் ஒரே ஆணியில் கிடைக்காது. எந்த வேலைக்கு எது முக்கியம் என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வெளியில் மழை படும் இடமென்றால் துத்தநாகம் பூசிய ஆணி அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஆணி வாங்குங்கள். சாதாரண ஆணி துருப்பிடித்து, மரத்தில் கறுப்புக் கோடுகள் இறங்கும்.

படி 3: ஆணிக்கு ஏற்ற கருவி

18 கேஜ் ஆணி அடிப்பது பிராட் நெயிலர். பீடிங், டிராயரின் அடிப்பலகை, சின்னப் பெட்டிகள், பசை காயும்வரை மரத்தைப் பிடித்து வைப்பது எல்லாமே இதற்குள் வந்துவிடும். முதல் கருவி ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அதிலும் 2 இன்ச் ஆணிவரை ஏற்கும் மாடலாகப் பாருங்கள்.

கதவு நிலைப் பட்டை, தரையோர ஸ்கர்ட்டிங் போல கொஞ்சம் கனமான பலகைகளுக்கு 15 அல்லது 16 கேஜ் ஃபினிஷ் நெயிலர் வேண்டும். 15 கேஜ் கருவிகளில் ஆணி அடைக்கும் பகுதி பெரும்பாலும் சாய்வாக இருக்கும். மூலைகளில் நுழைப்பது எளிது. 23 கேஜ் பின் நெயிலரின் ஆணிக்குத் தலையே கிடையாது. மிக நுண்ணிய அலங்கார வேலைக்கு மட்டும் அது, அதுவும் பசையோடு.

சுவர்ச் சட்டம், கொட்டகை, கூரை போன்றவற்றுக்கு 2 முதல் 3.5 இன்ச்வரை நீளமும் 3 மி.மீ. அளவு தடிமனும் உள்ள ஆணிகளை அடிக்கும் ஃப்ரேமிங் நெயிலர். ஒரே ஒரு கொட்டகைதான் போடப்போகிறீர்கள் என்றால் வாடகைக்கு எடுப்பதே நல்லது. இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: இந்தக் கருவிகள் 21 டிகிரி, 28 டிகிரி, 30 முதல் 34 டிகிரி என்று வெவ்வேறு சாய்வில் வரும். ஒன்றின் ஆணிப்பட்டை (வரிசையாக ஒட்டி வரும் ஆணிகள்) இன்னொன்றில் சரியாக உட்காராது. அந்தச் சாய்வுக்கான ஆணி உங்களுக்கு எளிதில் கிடைக்குமா என்று கருவி வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

கான்கிரீட் சுவரில் அடிக்க இவை எதுவும் உதவாது. ஆணி திரும்பித் தெறிக்கும். அதற்குத் தனிக் கருவி உண்டு.

படி 4: காற்றா, பேட்டரியா?

காற்றில் இயங்கும் கருவி எடை குறைவு, விலை குறைவு, பழுதும் குறைவு. ஆனால் காற்றை அழுத்திக் கொடுக்கும் கம்ப்ரஸர் வேண்டும், அதிலிருந்து வரும் ஹோஸை (காற்றுக் குழாயை) இழுத்துக்கொண்டே நடக்க வேண்டும், சத்தமும் உண்டு. பிராட், ஃபினிஷ் வேலைக்கு 20 லிட்டர் அளவுள்ள சின்ன டேங்க் கம்ப்ரஸரே தாராளம். பேட்டரிக் கருவியை எடுத்தவுடன் வேலையைத் தொடங்கலாம், ஏணியில் ஏறி அடிக்கவும் வசதி. எடைதான் தொந்தரவு, தலைக்கு மேலே பத்து நிமிடம் பிடித்தால் தோள் வலிக்கும். உங்களிடம் ஏற்கெனவே பேட்டரி டிரில் இருந்தால், அதே பேட்டரியில் ஓடும் நெயிலர் இருக்கிறதா என்று பாருங்கள். பாதிச் செலவு அங்கேயே மிச்சமாகலாம். கேஸ் குப்பியில் இயங்குவதும் உண்டு, ஆனால் எப்போதாவது வேலை செய்பவருக்கு அது தேவையில்லை.

காற்றுக் கருவியில் அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றைத் தவிர வேறு எதையும் இணைக்காதீர்கள். ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டினால் கருவி வெடித்துவிடும்.

படி 5: டிரிகரைக் கேட்டு வாங்குங்கள்

டிரிகர் இரண்டு வகை. ஒன்றில், கருவியின் முனையை மரத்தில் அழுத்திய பிறகு டிரிகரை இழுத்தால் ஓர் ஆணி. அடுத்த ஆணிக்கு இரண்டையும் விட்டு மறுபடி செய்ய வேண்டும். இன்னொன்றில், டிரிகரைப் பிடித்தபடி முனை எங்கே பட்டாலும் ஆணி பாயும். வேகம்தான், ஆனால் கருவி எம்பித் திரும்பப் படும்போது நாம் நினைக்காத இரண்டாவது ஆணியும் பாயலாம். தொடையிலோ, பக்கத்தில் நிற்பவர் மீதோ முனை பட்டாலும் அப்படித்தான். தொடங்குபவர்களுக்கு முதல் வகையைத் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அப்புறம், ஆழத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு, மரத்தில் தழும்பு விழாமல் காக்கும் ரப்பர் முனை, சிக்கிய ஆணியை எளிதில் எடுக்கும் மூடி ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள்.

படி 6: முதல் ஆணிகள் கழிவு மரத்தில்

பாதுகாப்புக் கண்ணாடியும் காதடைப்பும் போட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கான அதே மரத்தில் இரண்டு கழிவுத் துண்டுகளை எடுங்கள். காற்றுக் கருவி என்றால் காற்றழுத்தத்தை 70 பிஎஸ்ஐயில் (அழுத்த அளவு) தொடங்கி, ஆணித் தலை மரத்துக்குள் லேசாக அமிழும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். கருவியில் எழுதியிருக்கும் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். மரத்தைப் பிடிக்கும் கை குறைந்தது ஒரு சாண் தள்ளி இருக்கட்டும், ஏனென்றால் ஆணி மரத்தின் ரேகையைப் பிடித்து வளைந்து பக்கவாட்டில் வெளியே வரும். ஆணி சிக்கினால் முதலில் ஹோஸைக் கழற்றுங்கள் அல்லது பேட்டரியை எடுங்கள், பிறகுதான் மூடியைத் திறக்க வேண்டும்.

ஓரத்திலிருந்து ஒரு இன்ச் தள்ளி, வரிசையாகப் பத்து ஆணி அடித்துப் பாருங்கள். துண்டு பிளந்தால் அழுத்தத்தைக் குறைத்துப் பயனில்லை. இன்னும் மெல்லிய ஆணிக்கு மாறுங்கள், இல்லையென்றால் அந்த ஓரத்தில் மட்டும் முதலில் டிரில்லால் துளை போட்டுவிட்டுச் சுத்தியலால் அடியுங்கள்.