காலி செய்யச் சொன்னால் வாடகையை நிறுத்தாதீர்கள்

"சித்திரைத் திருவிழா முடிஞ்சதும் வீட்டைக் காலி பண்ணிருங்க" என்று வீட்டுக்காரர் வாசலில் நின்று சொல்வது சட்டப்படி வெளியேற்றம் ஆகாது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். மதுரையில் செல்லூர் காம்பவுண்ட் வீட்டுக்கும் கே.கே. நகர் மாடி வீட்டுக்கும் அதே விதிதான்.

"அட்வான்சுல கழிச்சுக்கட்டும்" என்று வாடகையை நிறுத்துகிறவர்கள், எதிராளிக்கு இல்லாத வழக்கைத் தாங்களே எழுதிக் கொடுக்கிறார்கள். 2 மாத பாக்கி வெளியேற்றத்துக்குப் போதிய காரணம். பாக்கி கேட்டு நோட்டீஸ் வந்தால் 1 மாதத்துக்குள் வட்டியோடு கட்டிவிடுங்கள். அந்தக் காரணம் நிற்காது. ஆனால் அதன்பிறகு எந்த ஓராண்டிலாவது மறுபடி 2 மாதம் தொடர்ந்து தவறினால் இந்தச் சலுகை கிடைக்காது.

வாடகையை வாங்க மறுக்கிறாரா? வங்கிக் கணக்கிலோ மணியார்டரிலோ 2 மாதம் அனுப்புங்கள். திரும்பி வந்தால் அந்தச் சீட்டுகளோடு வாடகை அதிகாரியிடம் (துணை ஆட்சியர் நிலையில் இருப்பவர்) பணத்தைக் கட்டலாம்.

வெளியேற்றத்துக்கு இப்போது அதிகம் கையில் எடுக்கப்படும் காரணம் வேறு: எழுத்து ஒப்பந்தம் போடாதது. 11 மாதம் என்றால் பதிவு வேண்டாம் என்பது பழைய பேச்சு. எத்தனை மாதமானாலும் எழுதி, வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வீட்டுக்காரர் இழுத்தடித்தால், "ஒப்பந்தம் போடத் தயார்" என்று விரைவுத் தபாலில் எழுதி, ரசீதையும் கடிதத்தின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்டவர் நீங்கள்தான் என்பதற்கு வேறு சாட்சி கிடைக்காது.

குழாயையோ கரண்டையோ நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். உடனே திரும்பக் கொடுக்கும்படி அவர் இடைக்கால உத்தரவு போடலாம். பூட்டுப் போட்டுவிட்டால் முதலில் போட்டோ, பிறகு 112. பொருளை வெளியே எறிந்து வீட்டைப் பிடித்துக்கொண்டால், 1963-ஆம் ஆண்டு குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டம் (ஸ்பெசிஃபிக் ரிலீஃப் ஆக்ட்) 6-ஆம் பிரிவின்படி 6 மாதத்துக்குள் வழக்குப் போடலாம்.

மதுரையில் இரண்டு வகையினருக்குக் கணக்கு மாறும். கோயில் மனையிலும் கோயில் கடையிலும் இருப்பவர்களுக்கு 1959-ஆம் ஆண்டு அறநிலையத் துறைச் சட்டம் வரும். குத்தகைக் காலம் முடிந்தும் இருந்தால் ஆக்கிரமிப்பாளர் என்றே 78-ஆம் பிரிவில் இணை ஆணையர் முன் நடவடிக்கை நடக்கும். ஒத்திக்கு (மொத்தப் பணம் கொடுத்து, வாடகை இல்லாமல்) இருப்பவர்கள் வாடகைக்காரர்களே அல்ல. ஒத்தி ஓர் அடமானம். ஒத்தித் தொகை 100 ரூபாயோ அதற்கு மேலோ என்றால் பத்திரப்பதிவு வேண்டும். வெறும் முத்திரைத்தாளை நம்பி லட்சங்களைக் கொடுத்தவர்கள், பணம் கைக்கு வரும்வரை சாவியை விடாதீர்கள்.

ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் அட்வான்ஸ் 3 மாத வாடகைதான். காலி செய்த 1 மாதத்துக்குள் பிடித்தம் போகத் திரும்ப வர வேண்டும்.

உத்தரவு பாதகமாக வந்தால் 30 நாளுக்குள் வாடகைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு. ஆடியில் வீடு மாற மாட்டோம் என்பதெல்லாம் அந்தக் கெடுவில் சேராது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் எழுதிக் கொடுக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு, தொலைபேசி 15100.