வாடகை வீட்டு பைப்பும் ட்ரிப் சுவிட்சும்: ரிப்பேர் பாஸுக்கு கோல் எடுக்க முதல்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் வாடகைக்கு இருக்கன், இது மூணாவது வீடு. முதல் வீட்ட விட்டு வரக்குள்ள அட்வான்ஸ்ல ஒரு பங்கு வெட்டுப்பட்டது, என்னத்துக்கு எண்டா குசினி சிங்குக்கு கீழ சொட்டு சொட்டா ஒழுகி ஒழுகி கபட் பலகை ஊதிப் போயிட்டு. ஒரு வொஷர் மாத்தியிருந்தா முடிஞ்சிருக்கும் விசயம், நாளைக்குப் பாப்பம் நாளைக்குப் பாப்பம் எண்டு ஆறு மாசம் போயிட்டு.

அதால இப்ப பால் காய்ச்சுற அண்டைக்கே, சாமான் இறக்க முதல், தண்ணியப் பூட்டுற கேட் வால்வையும், கரண்ட் கசிஞ்சா தானா விழுற ட்ரிப் சுவிட்சையும் தேடிப் பிடிக்கிறன். வால்வ் ரெண்டு இருக்கும், வோட்டர் போட் மீட்டருக்குப் பக்கத்துல ஒண்டு, மேல டேங்க்ல இருந்து இறங்குற பைப்புல ஒண்டு. ரெண்டையும் பூட்டித் திறந்து பாருங்க, எங்கட கடல் காத்துக்கு இரும்பெல்லாம் கறள் பிடிச்சு இறுகியிருக்கும். இறுகியிருந்தா பலத்தக் காட்டாதீங்க, செவருக்குள்ள பைப் வெடிச்சா அது உங்கட கணக்குல வரும், வீட்டுக்காரருக்குச் சொல்லி விடுங்க. ஏற்கனவே உடைஞ்சது வெடிச்சது கறை பிடிச்சது எல்லாத்தையும் போட்டோ எடுத்து அண்டைக்கே அவருக்கு வட்சப்புல போடுங்க, மறுகா கதைக்க இடமிருக்காது.

டெப் ஒழுகினா முக்கால்வாசி வொஷர்தான். வால்வப் பூட்டு, டெப்பத் திறந்து மிச்சத் தண்ணிய விடு, சிங்க் ஓட்டைய ஒரு துணியால அடை (இத மறந்து குட்டி ஸ்க்ரூவ உள்ளுக்கு விட்டவன் நான்), தலைப்பக் கழட்டி ஸ்பனரால நட்டத் திருக்கினா அடியில கறுப்பு ரப்பர் தெரியும். அதையே கொண்டு ஹாட்வெயார் கடைக்குப் போங்க, அரை இஞ்சி வொஷர் எண்டு வாயால கேட்டா வேற வேற சைஸ எடுத்து வைப்பாங்க. டெப்பையே மாத்துறதெண்டா த்ரெட் டேப்ப (புரியில ஒழுகாம சுத்துற வெள்ளை டேப்) புரி முனை உங்களப் பாக்கிற மாதிரி பிடிச்சு மணிக்கூட்டுக் கம்பி சுத்துற பக்கமா இழுத்து ஒரு எட்டுப் பத்துச் சுத்து சுத்துங்க, எதிர்ப்பக்கம் சுத்தினா பூட்டக்குள்ள டேப் உரிஞ்சு சுருண்டு வரும். எஸ்லோன் (பிவிசி) பைப்புல பூட்டுறதெண்டா கையால இறுக்கி ஸ்பனரால கொஞ்சம் மட்டும், மிஞ்சினா பைப் சொக்கட் பிளந்திரும்.

தண்ணி பில் சும்மா ஏறுதெண்டா கொமட்டுக்குத் தண்ணி விடுற சிஸ்டன் தொட்டியப் பாருங்க. கேசரிக்குப் போடுற கலர்ல கொஞ்சம் சிஸ்டன் தண்ணியில கரைச்சு விட்டுட்டு அரை மணித்தியாலம் ஆரும் ப்ளஷ் பண்ணாம இருக்கணும். கொமட் தண்ணி கலரா மாறினா உள்ளுக்குள்ள ரப்பர் போயிட்டு. சத்தமே இல்லாம இரவு பகலா ஓடும், அதான் பிடிபடுறதில்ல. எல்லா டெப்பையும் பூட்டிட்டு மீட்டர் முள்ளு ஆடுதா எண்டும் பாக்கலாம்.

சிங்க் அடைச்சா உடனே ஆசிட் வாங்கி ஊத்துறத விடுங்க, கீழ வாளி வச்சு சிங்குக்கு அடியில போத்தல் மாதிரி இருக்கிற பொட்டில் ட்ராப்ப கையால கழட்டினா போதும். எங்கட வீடுகள்ல தேங்காப்பூவும் மீன் செதிளும் சோத்துப் பருக்கையும் எண்ணெயோட கட்டியாகி அங்கதான் இருக்கும், மணம் தாங்கேலாது, மூக்கப் பொத்திக் கொண்டு செய்யுங்க.

இனி ட்ரிப். புரட்டாசி ஐப்பசி இடிமின்னல் தொடங்கினா, மறுகா மாரி முடியுமட்டும் இந்த ஊர்ல ட்ரிப் விழுற வீடுதான் கூட. அது பழுதெண்டு ஏசாதீங்க, வழமையா வீடுகளுக்குப் போடுறது 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே விழும், உங்கட உசிரக் காக்கத்தான் விழுது. விழுந்தா சின்ன பிரேக்கர் எல்லாத்தையும் கீழ போடுங்க, ட்ரிப்ப மேல தூக்குங்க, பிறகு ஒவ்வொண்டா ஏத்துங்க. எத ஏத்தக்குள்ள விழுதோ அந்த லைன்தான். ட்ரிப் விழுந்திருக்கிற நேரத்துலயே அந்த லைன்ல உள்ள பிளக் எல்லாத்தையும் கழட்டி, திரும்ப ஏத்தி, ஒவ்வொண்டா குத்திப் பாத்தா ஆள் பிடிபடும். எனக்கு ஒருக்கா கேத்தல், ஒருக்கா கிணத்து மோட்டர், இன்னொருக்கா கேட் பல்புக்குள்ள மழைத்தண்ணி. எல்லாம் கழட்டியும் விழுதெண்டா செவர் வயர்ல ஈரமா இருக்கலாம், அதுல நீங்க கை வைக்கப்படாது. மாசத்துக்கு ஒருக்கா ட்ரிப்புல T எண்டு போட்ட டெஸ்ட் பட்டன அமத்துங்க, விழாட்டி அந்த ட்ரிப் இருந்தும் இல்லாத மாதிரித்தான், உடனே எலெக்ட்ரீசியன் வரணும்.

ப்ரிட்ஜ் செவரோட ஒட்டியிருந்தா சூடு போக வழியில்ல, ஒரு சாண் இழுத்து வைங்க. கதவுக்குள்ள ஒரு தாள் காச வச்சுப் பூட்டி இழுங்க, வழுக்கிக் கொண்டு வந்தா ரப்பர் தளர்ந்திருக்கு, சவர்க்காரத் தண்ணியால கழுவித் துடைச்சாலே பாதி சரியாகும். ஐஸ் கட்டியானத கத்தியால குத்தாதீங்கோ, கேஸ் லைன்ல ஓட்டை விழுந்தா செலவு பெருசு, ஓஃப் பண்ணி உருகவிடுங்க. கரண்ட் போனா பிளக்கக் கழட்டி, வந்து அஞ்சு நிமிசத்துக்குப் பிறகு போடுங்க. பின்னால தண்ணி தேங்குற தட்ட மாரியில கிழமைக்கு ஒருக்கா ஊத்துங்க, டெங்கு நுளம்பு அதுலயும் முட்டை போடும், பிஎச்ஐ (சுகாதாரப் பரிசோதகர்) வந்தா அதத்தான் குனிஞ்சு பாப்பாங்க.

கிணத்துத் தண்ணியெண்டா மணல் கட்டாயம் வரும். வொஷிங் மெசினுக்கு தண்ணி போற பைப்பக் கழட்டினா வாயில ஒரு குட்டி வலை இருக்கும், பழைய பல்லு பிரஷ்ஷால தேயுங்க. தண்ணி மெதுவா நிரம்புது எண்டு மெசின வித்தவங்களும் இருக்காங்க! கேத்தல் அடியில வெள்ளையா படிஞ்சா தேசிக்காய்ப் புளி விட்டு கொதிக்க வச்சு ஊத்துங்க.

கழட்டின பழைய டெப்ப வீசாதீங்க, ஒரு பேக்ல கட்டி கபட் மூலையில வைங்க. நீங்க காசு குடுத்து நல்ல டெப் பூட்டியிருந்தா வீடு மாறக்குள்ள பழசத் திரும்பப் பூட்டிட்டு உங்கடயக் கொண்டு போகலாம், வீட்டுக்காரருக்கு முதலே சொல்லியிருந்தா.