கோல்ஃப் மைதானத்தைப் பற்றி உருப்படியாக எழுதுவது எப்படி? செட்டிபாளையம் காற்றோடு ஒரு செய்முறை

"பச்சைப் பசேல் புல்வெளி, மனதை மயக்கும் சூழல்" என்று தொடங்கும் மைதான அறிமுகங்களை நிறையப் படித்தாயிற்று. வெளியூரிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு வருகிறவருக்கு அதில் ஒன்றும் கிடைப்பதில்லை. எந்த ஹோலில் ஸ்கோர் கெடும், ஏன் கெடும், எந்த மாதத்தில் அதிகம் கெடும் என்பதுதான் அவருக்கு வேண்டும். எங்கள் குழுவுக்காக அப்படி ஒரு குறிப்பு தயார் செய்தேன். அந்த வேலையை எந்த வரிசையில் செய்தால் நேரம் மிச்சமாகும் என்று இங்கே எழுதுகிறேன்.

பார் (ஒரு ஹோலை முடிக்க விதித்த அடிகள்), போகி (பாரைவிட ஓர் அடி கூடுதல்), ஹேண்டிகேப் (திறமைக்கேற்பக் கிடைக்கும் சலுகை அடிகள்) எல்லாம் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். கோவையில் கோல்ஃப் என்றால் செட்டிபாளையம், கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கும் அதே ஊர். அங்கே இருப்பது 18 ஹோல் மைதானம். ஆனால் இந்த முறை எந்த மைதானத்துக்கும் பொருந்தும். கீழே வரும் ஸ்கோர் எண்கள் கணக்கு புரிவதற்காகப் போட்டவை, எந்தக் குறிப்பிட்ட ஹோலுக்கும் உரியவை அல்ல.

1. ஸ்கோர் கார்டை வாங்குங்கள்

முதலில் தூரம் கெஜமா மீட்டரா என்று பாருங்கள். கெஜத்தை 0.9144 ஆல் பெருக்கினால் மீட்டர். 400 கெஜம் சுமார் 366 மீட்டர். எந்த நிற டீயிலிருந்து (ஹோலின் முதல் அடியை அடிக்கும் இடம்) அளந்த தூரம் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். டீயின் நிறம் சொல்லாமல் "நீளமான மைதானம்" என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை.

அடுத்து கோர்ஸ் ரேட்டிங், ஸ்லோப் என்று இரண்டு எண்கள். ரேட்டிங் என்பது ஸ்க்ராட்ச் ஆட்டக்காரருக்கு, அதாவது ஹேண்டிகேப் சுழியமாக உள்ளவருக்கு, வரக்கூடிய ஸ்கோர். ஸ்லோப் நம்மைப் போன்றவர்களுக்கானது. அது 55 முதல் 155 வரை போகும், நடுத்தர மைதானத்துக்கு 113. பாரும் ரேட்டிங்கும் 72 ஆக உள்ள இரண்டு மைதானங்கள், ஒன்றின் ஸ்லோப் 115, இன்னொன்று 135 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹேண்டிகேப் இண்டெக்ஸ் 20 இருப்பவருக்கு முதலாவதில் 20 சலுகை அடிகள் கிடைக்கும், இரண்டாவதில் 24; இதுதான் மைதான ஹேண்டிகேப். ஸ்க்ராட்ச் ஆட்டக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான். அறிமுகத்தின் முதல் பத்தியில் வேறு எதுவும் இல்லாவிட்டாலும் இந்த இரண்டு எண்களும் இருக்க வேண்டும்.

2. கூகுள் எர்த்தில் உட்காருங்கள்

கம்ப்யூட்டரில் கூகுள் எர்த் ப்ரோவைத் திறந்து, ரூலரை எடுத்து, ஒவ்வொரு ஹோலுக்கும் டீயிலிருந்து கிரீனுக்கு (குழி இருக்கும் புல்தரை) ஒரு கோடு போடுங்கள். தூரத்தோடு திசையும் டிகிரியில் வரும். அதை எக்செல்லில் தனி நெடுவரிசையில் குறித்து வையுங்கள், பிறகு தேவைப்படும். டாக்லெக் ஹோலில் வளைவு வரை ஒரு கோடு, அங்கிருந்து இன்னொன்று. நேர்கோடு போட்டால் தூரம் குறைவாகத்தான் வரும்.

லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் வாங்கலாமா என்று கேட்பார்கள். விளையாட வாங்குங்கள், இந்த வேலைக்கு வேண்டாம். மொபைல் ஜிபிஎஸ் செயலிகளும் எனக்குப் பிடிக்கவில்லை. வெயிலில் திரை தெரியாது, பேட்டரியும் தீர்ந்துவிடும். பெரிய திரை, ஒரு எக்செல் தாள், சட்டைப் பையில் மடங்கும் ஒரு நோட்டு, அவ்வளவு போதும்.

3. கடினமான ஹோலைக் கண்டுபிடிப்பது

பெரும்பாலான அறிமுகங்கள் தடுக்கி விழுவது இங்கேதான். கார்டில் ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1 என்று போட்ட ஹோலை எடுத்து "மைதானத்திலேயே கடினமானது இதுதான்" என்று எழுதிவிடுகிறார்கள். ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் என்பது தர வரிசை அல்ல, ஹேண்டிகேப் அடிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு. கடினத்தைப் பார்த்துத்தான் தொடங்குகிறார்கள் என்றாலும், பிறகு ஒற்றைப்படை எண்களை ஒரு ஒன்பது ஹோலுக்கும் இரட்டைப்படையை அடுத்த ஒன்பது ஹோலுக்கும் பிரிப்பது வழக்கம். மிகக் கடினமான இரண்டு ஹோலும் முதல் ஒன்பதிலேயே இருந்தால்கூட, ஒன்றுக்கு 1 கிடைக்கும், மற்றதுக்கு 3 தான். சிறிய எண்கள் அடுத்தடுத்து வராமலும் பார்த்துக்கொள்வார்கள்.

அதனால் கார்டை விட்டுவிட்டு ஸ்கோர்களைத் தேடுங்கள். கிளப் போட்டி நடத்துகிறவரிடம் பெயர்களை மறைத்துக் கொடுக்கச் சொன்னால் பெரும்பாலும் கொடுப்பார்கள். ஒவ்வொரு ஹோலுக்கும் சராசரி எடுத்து, அதிலிருந்து பாரைக் கழியுங்கள். பார் 4 ஹோலில் சராசரி 5.3 என்றால் கூடுதல் 1.3. பார் 3 ஹோலில் சராசரி 4.4 என்றால் கூடுதல் 1.4. குட்டி ஹோல்தான் கடினமானது, நம்ப மாட்டார்கள், கணக்கைக் காட்டுங்கள்.

இப்போது முக்கியமான சிக்கல். ஒவ்வொரு ஹோலுக்கும் புள்ளி தரும் ஸ்டேபிள்ஃபோர்ட் போட்டியில், இனிப் புள்ளி கிடைக்காது என்று தெரிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த ஹோலுக்குப் போய்விடுவார்கள். கார்டில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், அல்லது ஒரு சின்னக் கோடு இருக்கும். எக்செல்லின் சராசரி ஃபார்முலா காலிக் கட்டத்தைக் கணக்கிலேயே எடுக்காது. விளைவு என்ன? தண்ணீரில் நாலு பந்தைத் தொலைத்தவர்கள் எல்லாம் காணாமல் போய், ஒழுங்காக முடித்தவர்களின் ஸ்கோர் மட்டும் மிஞ்சும். மைதானத்திலேயே கொடூரமான ஹோல் சாதுவாகத் தெரியும்! கோட்டுக்குப் பதில் சுழியம் போட்டால் இன்னும் மோசம்.

சரி, காலிக் கட்டத்தில் என்ன போடுவது? நெட் டபுள் போகி. பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் அவருக்குக் கிடைக்கும் அடிகள். மைதான ஹேண்டிகேப் 20 இருப்பவருக்கு எல்லா ஹோலிலும் ஓர் அடி, ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் 1, 2 ஹோல்களில் மட்டும் இரண்டடி. இண்டெக்ஸ் 2 உள்ள பார் 4 ஹோல் காலியாக இருந்தால் 4+2+2, ஆக 8. இண்டெக்ஸ் 10 உள்ள பார் 4 என்றால் 7. இதை நிரப்பிவிட்டுச் சராசரி எடுங்கள், வரிசையே மாறும்.

சராசரியோடு நிறுத்தவும் வேண்டாம். நாலு பேர் 4, 4, 4, 8 அடித்தாலும் சராசரி 5; நாலு பேரும் 5 அடித்தாலும் 5. முதலாவது ஒரு தப்பு அடியைக்கூட மன்னிக்காத ஹோல். இரண்டாவது எல்லோரிடமும் ஓர் அடியைப் பிடுங்கிக்கொள்ளும் ஹோல். படிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் டீயில் எந்த மட்டையை எடுப்பது என்று முடிவு செய்ய முடியும்.

4. கேடியோடு நடங்கள், காற்றைக் குறியுங்கள்

ஏன் கடினம் என்பதை எக்செல் சொல்லாது, கேடி (பையைச் சுமந்து கூடவே வரும் உதவியாளர்) சொல்வார். "எது கஷ்டமான ஹோல்?" என்று கேட்காதீர்கள். "எங்கே பந்து அதிகமா தொலையுது?" என்று கேளுங்கள். அப்படிக் கேட்டபோது ஒருவர் சொன்னது: "கொடியப் பாத்து அடிச்சா அங்க நிக்காதுங்க சார். இடது பங்கரோட மூக்கப் பாத்து அடிங்க, தானா உருண்டு வரும்." பங்கர் என்பது மணல் குழி. கிரீன் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது அந்த ஒரு வரியில் வந்துவிட்டது.

கிரீனில் புல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்றும் பாருங்கள். நம் பக்கத்து வெப்பத்துக்குத் தாங்கும் பெர்முடா வகைப் புல்லில் இது பந்தை இழுக்கும். குழியின் விளிம்பைக் குனிந்து பார்த்தால் ஒரு பக்கம் கத்தியால் வெட்டியதுபோல் சுத்தமாக இருக்கும், எதிர்ப்பக்கம் பிய்ந்து பழுப்பேறியிருக்கும். பிய்ந்த பக்கம் நோக்கித்தான் புல் படிகிறது.

காற்றுக்கு வருவோம். கொங்கு நாட்டு மைதானத்தைப் பற்றி எழுதிவிட்டுப் பாலக்காட்டுக் கணவாயைக் குறிப்பிடாமல் விட்டால் வேலை பாதிதான். தென்மேற்குப் பருவத்தில், ஆனி ஆடி மாதங்களில், மேற்கிலிருந்து வரும் காற்று அந்த இடைவெளி வழியாகப் புகுந்து வேகமெடுக்கிறது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் வரிசை கட்டி நிற்பது சும்மா இல்லை. இரண்டாம் படியில் குறித்த டிகிரியை இப்போது எடுங்கள். 270 என்றால் நேர் மேற்கு. ஏறக்குறைய 225 முதல் 290 வரை திசை கொண்ட ஹோல்கள் எல்லாம் ஆடியில் எதிர்க்காற்று ஹோல்கள். டிரைவர் மட்டையில் முதல் அடி அடித்த பிறகும் தூர அடிக்கான ஹைபிரிட் மட்டையை எடுக்க வைக்கும் அதே ஹோல், வடகிழக்குக் காற்று வீசும் மார்கழியில் கிட்டத்து அடிக்கான 9 அயர்னில் முடிந்துவிடும். எந்த மாதத்தில் நடந்து பார்த்தீர்கள் என்று கட்டாயம் எழுதுங்கள்.

5. வசதிகள்

இதற்கு வர்ணனை வேண்டாம். உறுப்பினர் இல்லாதவர் விளையாடலாமா, வார நாளுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் கட்டணம் வேறா, கேடி கட்டணம் தனியா, வாடகைக்கு மட்டை செட் உண்டா, இடது கைக்காரருக்கு உண்டா, டிரைவிங் ரேஞ்ச் எத்தனை மணிக்குத் திறக்கும், காலர் இல்லாத டீ-ஷர்ட்டில் விடுவார்களா, ஒன்பதாவது ஹோலுக்குப் பிறகு குடிதண்ணீர் எங்கே. போன் போட்டுக் கேட்டு, கேட்ட தேதியோடு போடுங்கள்.

படம் எடுப்பதென்றால் காலை 8 மணிக்குள் முடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில்தான் கிரீனின் மேடு பள்ளம் தெரியும். உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

சேர்க்கை: ட்ரோன் பறக்க விடலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். பீளமேட்டில் விமான நிலையம், சூலூரில் விமானப்படைத் தளம் என்று இருக்கும் ஊர் இது. அரசின் ட்ரோன் வரைபடமான டிஜிட்டல் ஸ்கையில் அந்த இடம் எந்த நிற மண்டலத்தில் வருகிறது என்று பார்க்காமல் மேலே ஏற்றாதீர்கள். கிளப் அனுமதி வேறு தனியாக வேண்டும்.

இன்னொரு சேர்க்கை: ஒன்பது ஹோல் மைதானத்தை இரண்டு சுற்று ஆடுகிற இடங்களில் இந்தக் கணக்கு குழப்புகிறது என்றார் ஒரு வாசகர். ஒரே ஹோலுக்கு இரண்டு சுற்றிலும் வெவ்வேறு ஸ்ட்ரோக் இண்டெக்ஸ் இருக்கும், சில இடங்களில் டீயும் மாறும். டீ மாறினால் இரண்டு தனி ஹோலாகவே வைத்துக்கொள்ளுங்கள். மாறாவிட்டால், காலிக் கட்டங்களை அந்தந்தச் சுற்றின் இண்டெக்ஸ்படி நிரப்பிய பிறகே இரண்டையும் சேர்த்துச் சராசரி எடுங்கள்.